போட்டோவுக்கு பார்டர்: பேப்பர் அளவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்திருக்கிறது. போனில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. அப்பாவின் சிறு வயதுப் படங்கள், தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் என்று சில கறுப்பு வெள்ளைப் படங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அலங்கார பார்டர் போட்டு ஆறுக்கு நாலு அளவில் பிரிண்ட் எடுத்து ஆல்பமாக்க ஆசை. ஆனால் நெட்டில் இறக்கிய ஃபிரேமைப் போட்டால் மூலையில் இருக்கும் பூ நசுங்குகிறது. சோதனைக்கு ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தால் இடது வலது பார்டர் மட்டும் வந்திருக்கிறது, மேலும் கீழும் காணோம். எந்த சாஃப்ட்வேரில், எப்படிப் போட வேண்டும்?

சாஃப்ட்வேர் பெயரை அப்புறம் சொல்கிறேன். இரண்டு சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான். படத்தை முடித்துவிட்டு, கடைசியில் அதன் மேல் பார்டரை ஒட்டுகிறோம். ஒட்டிய உடனே படத்தின் நீள அகல விகிதம் மாறிவிடுகிறது. பேப்பரின் விகிதம் மாறுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். போன் படம் பெரும்பாலும் 4:3. 4000க்கு 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 100 பிக்சல் பார்டர் போட்டால் 4200க்கு 3200 ஆகிறது. ஆறுக்கு நாலு பேப்பரின் விகிதம் 3:2. அந்தப் பேப்பரை முழுதாக நிரப்ப வேண்டுமென்றால் 4200 அகலத்துக்கு 2800 உயரம்தான் தேவை. மீதி 400 பிக்சலை லேப் மெஷின் மேலே 200, கீழே 200 என்று வெட்டிவிடும். நீங்கள் போட்ட 100 பிக்சல் பார்டர் முழுதும் போய், படத்திலும் 100 பிக்சல் போய்விடுகிறது. உங்கள் சோதனை பிரிண்டில் நடந்தது இதுதான். 3:2 விகிதத்தில் எடுக்கும் பெரிய கேமரா படமாக இருந்தாலும் தப்ப முடியாது. 3000க்கு 2000 படத்தில் இதே பார்டரைப் போட்டால் 3200க்கு 2200. அதில் மேலும் கீழும் சுமார் 33 பிக்சல் வெட்டுப்படும். பக்கத்தில் 100, மேலே 67 என்று பார்டர் கோணலாக வரும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. விளிம்பு வரை அச்சாகும் பிரிண்டுக்கு, வெள்ளைக் கீற்று தெரியக்கூடாது என்பதற்காக லேபில் படத்தைத் துளி பெரிதாக்கி ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டு விடுவது வழக்கம். ஒரு இஞ்சுக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 12 பிக்சல். விளிம்போடு ஒட்டி 20 பிக்சலில் மெல்லிய கோடு போட்டிருந்தால் அது ஒரு பக்கம் இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. அதனால் பிரிண்டுக்குப் போகிற படத்தில் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள், அதாவது 36 பிக்சலுக்குள், கோடோ பூவோ எதுவும் இருக்கக்கூடாது. வெறும் நிறம் மட்டும் இருக்கட்டும்.

ஆகவே முதலில் பேப்பரைச் செய்யுங்கள். ஆறுக்கு நாலு என்றால் 1800க்கு 1200 பிக்சல். ஏழுக்கு ஐந்து என்றால் 2100க்கு 1500. பன்னிரண்டுக்கு எட்டு என்றால் 3600க்கு 2400. அந்தக் காலிப் பேப்பருக்குள் படத்தை வையுங்கள். மிச்சமிருக்கும் இடம்தான் பார்டர்.

இப்படிச் செய்வதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. படத்தின் உயரத்தை 1000 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் மேலும் கீழும் 100 பிக்சல், அதாவது எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக, சீராக நிற்கும். 3:2 படம் 1500 அகலம் வரும், பக்கத்துக்கு 150 மிச்சம். 4:3 போன் படம் 1333 வரும், பக்கத்துக்கு சுமார் 233. பழைய சதுரப் படம் 1000க்கு 1000, பக்கத்துக்கு 400. யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் மாதிரி இரட்டை லென்ஸ் கேமராக்களில் 120 ஃபிலிமில் எடுத்த படங்கள் சதுரமாகத்தான் இருக்கும், உங்கள் தாத்தா காலத்துப் படங்களில் அப்படி ஒன்றிரண்டு இருக்கலாம். இந்த மூன்று விகிதத்தில் எந்தப் படமாக இருந்தாலும் யார் தலையும் வெட்டுப்படாது. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தி முழுசாக இருப்பார். பக்க பார்டர் படத்துக்குப் படம் வேறுபடுவது ஆல்பத்தில் உறுத்தவே உறுத்தாது. மேல் கீழ் அளவும் நிறமும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இருந்தால் போதும்.

சரி, சாஃப்ட்வேர். காசு கொடுக்காமல் செய்ய வேண்டுமென்றால் கிம்ப். 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது, இன்றும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். போட்டோஷாப் இருந்தால் அதுவும் நல்லது. கூகுளின் பிக்காசா மென்பொருளில் மியூசியம் மேட் என்ற பார்டரைப் போட்டுப் பழகிய பலர் அதையே இன்னும் தேடுகிறார்கள். கூகுள் அதை 2016இல் நிறுத்திவிட்டது, இனி அதை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். போனிலேயே முடிக்க வேண்டுமென்றால் ஸ்னாப்சீடில் ஃபிரேம்ஸ் என்ற பகுதி உண்டு, வாட்ஸ்ஆப்பில் பகிர அது போதும். ஆல்பத்துக்கு வேண்டாம், அளவு உங்கள் கையில் இருக்காது.

கிம்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் டெக்கார் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஆட் பார்டர் என்ற கட்டளையைத்தான் எல்லோரும் முதலில் அமுக்குவார்கள். அமுக்கினால் நீல நிறத்தில், நான்கு பக்கமும் நான்கு விதமான நிழலோடு ஒரு சட்டம் வரும். அந்த நிழலுக்குக் காரணம் அங்கே இருக்கும் டெல்டா என்ற எண். மரச்சட்டம் மாதிரி ஒரு பக்கம் வெளிச்சமாகவும் ஒரு பக்கம் இருட்டாகவும் காட்டுவதற்காக வைத்தது. அதைப் பூஜ்யமாக்கினால் தட்டையான பார்டர் கிடைக்கும். ஆனால் இதுவும் படத்துக்கு வெளியே ஒட்டுகிற வழிதான், விகிதம் மாறும். திரையில் பார்க்க மட்டும் என்றால் பயன்படுத்துங்கள்.

நான் சொல்லும் வழி இது. ஃபைல் மெனுவில் நியூ போட்டு 1800க்கு 1200, ரெசல்யூஷன் 300, வெள்ளை நிறம் என்று ஒரு காலிப் பேப்பரைத் திறங்கள். ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் வழியாகப் படத்தைக் கொண்டுவாருங்கள். லேயர் என்பது பேப்பரின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. பெரிய படமாக இருப்பதால் பேப்பரைத் தாண்டி வழிந்து நிற்கும், பதற வேண்டாம். ஸ்கேல் டூலை எடுத்து, அகல உயரச் சங்கிலி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உயரத்தில் 1000 என்று அடியுங்கள். அலைன் டூலில் இமேஜை அடிப்படையாக வைத்து இரு திசையிலும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சாதாரண வெள்ளை பார்டர் முடிந்தது.

இதற்கு மேல் ஒரே ஒரு மெல்லிய கோடு, படத்தைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி ஓடினால் படத்தின் மதிப்பே கூடிவிடும். மற்ற எந்த அலங்காரத்தையும் விட எனக்கு இதுதான் பிடிக்கும். இதைப் போடும்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. படத்தைத் தேர்வு செய்து, செலக்ட் மெனுவில் குரோ கொடுத்துப் பெரிதாக்கி, அதில் கோடு போடுவார்கள். கிம்பில் செவ்வகத் தேர்வைக் குரோ செய்தால் மூலைகள் உருண்டுவிடும். போட்டோஷாப்பில் எக்ஸ்பாண்ட் செய்தாலும் மூலை கூர்மையாக நிற்காது, ஸ்ட்ரோக்கை அவுட்சைட் என்று வைத்தாலும் அப்படியே. படத்தின் மூலை கூர்மையாகவும் கோட்டின் மூலை மொண்ணையாகவும் இருந்தால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும், என்னவென்று பிடிபடாது.

அதனால் எண்களை நேராக அடியுங்கள். 3:2 படம் என்றால் பேப்பரில் அது இடமிருந்து 150, மேலிருந்து 100 என்ற புள்ளியில் தொடங்கி 1500க்கு 1000 அளவில் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு புது லேயர், ஒன்றும் நிரப்பாமல். ரெக்டேங்கிள் செலக்ட் டூலின் கட்டங்களில் இடம் 134, 84 என்றும் அளவு 1532, 1032 என்றும் கொடுத்து, விருப்பமான நிறத்தை நிரப்புங்கள். அடுத்து இடம் 138, 88 என்றும் அளவு 1524, 1024 என்றும் மாற்றி டிலீட் அமுக்குங்கள். நான்கு பிக்சல் கோடு மட்டும் மிஞ்சும், படத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் 12 பிக்சல் வெள்ளை. பேப்பரில் அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் தடிமன் தேவையில்லை. 4:3 படத்துக்கு இட எண்களையும் அகலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், வழி அதேதான்.

போட்டோஷாப்பில் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். கேன்வாஸ் சைஸில் ரிலேட்டிவ் என்பதை டிக் செய்து 200 என்று கொடுத்தால் பக்கத்துக்கு 200 கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் 200. அப்புறம், டூல் பலகையில் ஃபிரேம் டூல் என்று ஒன்று இருக்கிறதே, அது பார்டர் போட அல்ல. படத்தை உள்ளே வைப்பதற்கான காலிக் கட்டம் அது. அலங்காரச் சட்டங்கள் வேண்டுமென்றால் ஆக்‌ஷன்ஸ் பலகையின் மெனுவில் ஃபிரேம்ஸ் என்ற தொகுப்பை ஏற்றிப் பாருங்கள், மரச்சட்டம், அலுமினியச் சட்டம், போட்டோ கார்னர் எல்லாம் இருக்கும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் தயங்க வேண்டாம், படத்திலிருந்தே எடுங்கள். புடவையில் கரையின் நிறம் உடலோடு சேர்ந்து நிற்கிற மாதிரிதான் இதுவும். கலர் பிக்கரால் அம்மாவின் கூறைப்புடவையின் அரக்கை எடுத்துக் கோட்டுக்கு வையுங்கள், ஆனால் எடுத்தபடியே வைக்காமல் இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்கள். படத்தில் இருப்பதை விடப் பளிச்சென்று இருக்கும் கோடு கண்ணை முகத்திலிருந்து ஓரத்துக்கு இழுத்துவிடும். தங்க நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை: திரையில் தங்கமாகத் தெரிவது பேப்பரில் மஞ்சளும் பழுப்புமாகத்தான் வரும். அரக்கும் கரும்பச்சையும் ஏமாற்றாது.

இப்போது அலங்காரத்துக்கு வருவோம். நீங்கள் இறக்கிய பூ ஃபிரேம் நசுங்கியதற்குக் காரணம், வேறு விகிதத்துக்காக வரைந்த ஃபிரேமை உங்கள் படத்தின் விகிதத்துக்கு இழுத்தது. முழு ஃபிரேமையும் ஒரே துண்டாக இழுக்கவே கூடாது. நான்கு மூலைகளைத் தனித்தனியாக வெட்டி அதன் விகிதம் மாறாமல் வையுங்கள். நடுவில் ஓடும் நேர்ப்பகுதியை மட்டும் நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். ஒரே மூலை நன்றாக இருந்தால் அதையே மூன்று பிரதி எடுத்து, லேயர் மெனுவில் ஃபிளிப் கொடுத்துத் திருப்பி மற்ற மூலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பின்னணி இல்லாத பிஎன்ஜி என்று சொல்லி இறக்குகிற பலவற்றில் அந்தச் சாம்பல் வெள்ளைக் கட்டங்கள் படத்திலேயே அச்சாகி இருக்கும். கிம்பில் திறந்து, கீழே ஒரு சிவப்பு லேயர் வைத்துப் பாருங்கள். சிவப்பு தெரியவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. வெளியில் தேடாதீர்கள். உங்கள் அம்மா போடும் கோலத்தையே பார்டராக்குங்கள்.

வாசலில் அவர் போட்ட, நாற்புறமும் ஒத்த ஒரு புள்ளிக் கோலத்தை நேர் மேலிருந்து படம் எடுங்கள். வெயில் சாய்ந்து விழாத நேரமாக இருக்கட்டும், தரை காய்ந்திருக்கட்டும். கிம்பில் திறந்து கறுப்பு வெள்ளையாக்கி, கலர்ஸ் மெனுவில் திரெஷோல்டை நகர்த்தினால் ஒரு இடத்தில் தரை முழுதும் கறுப்பாகி இழை மட்டும் வெள்ளையாக நிற்கும். மாவு சிதறிய புள்ளிகளைப் பிரஷ்ஷால் அடித்துவிடுங்கள். பிறகு இன்வெர்ட், பிறகு கலர் டு ஆல்ஃபாவில் வெள்ளையைக் கொடுங்கள். தரை மறைந்து இழை மட்டும் மிஞ்சும். லேயர் பலகையில் ஆல்ஃபாவை, அதாவது ஒன்றும் இல்லாத வெற்றிடத்தை, அப்படியே இருக்கும்படி பூட்டிவிட்டு அரக்கு நிறத்தை நிரப்பினால் கோலம் அரக்காகிவிடும்.

திரெஷோல்ட் செய்த இழையின் ஓரம் அரம் மாதிரி பல் பல்லாக இருக்கும். அதனால் இந்த வேலை முழுவதையும் பெரிய அளவில், 2000 பிக்சலுக்குக் குறையாமல் செய்துவிட்டுக் கடைசியில் சிறிதாக்குங்கள். பற்கள் மறைந்து இழை வழுவழுப்பாகிவிடும். முதலிலேயே சிறிதாக்கி விட்டு திரெஷோல்ட் கொடுத்தால் கையால் போட்ட கோலத்தின் நெளிவு செத்துப் போகும். இழை ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து இருப்பதைத் திருத்தவே திருத்தாதீர்கள், அதுதான் அவர் கை.

சிறிதாக்கிய கோலத்தை நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினால் நான்கு கால் துண்டுகள். அந்தந்தத் துண்டை அந்தந்த மூலைக்குத் தள்ளி வையுங்கள், கச்சிதமாக உட்காரும். இதற்கு இடம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கோல பார்டர் போடும் ஆல்பப் பக்கத்தில் மட்டும் படத்தின் உயரத்தை 840 ஆக்குங்கள். மேலும் கீழும் 180 கிடைக்கும். ஓரத்தில் 36 விட்டு, படத்துக்கு முன் 14 விட்டால், 130 பிக்சலில் ஒரு மூலைத் துண்டு நிற்கும். பேப்பரில் அது பதினோரு மில்லிமீட்டர், இழை தெளிவாகத் தெரியும் அளவு.

இதை எல்லாப் படத்துக்கும் போட வேண்டாம். மாலையும் பட்டும் கும்பலுமாக இருக்கும் படத்துக்குக் கோலம் சேராது, அங்கே வெறும் கோடு போதும். அப்பா அம்மா இருவர் மட்டும் இருக்கும் படம், தாலி கட்டும் படம், கலசாபிஷேகம் என்று மூன்று நான்குக்கு மட்டும் வைத்தால் ஆல்பத்தைப் புரட்டும்போது அந்தப் பக்கங்களில் கை நிற்கும். நிழல் விழுகிற மாதிரியும் ஓரம் கிழிந்த மாதிரியும் காட்டும் ஃபில்டர்கள் பேப்பரில் பொய்யாகத் தெரிகின்றன. பேப்பருக்கே சொந்தமாக ஓரமும் நிழலும் உண்டே.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வேறு கணக்கு. அவற்றுக்குப் புதிதாக பார்டர் போடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அறுபதுகளில் பிரிண்ட் போட்ட பல படங்களுக்கு வெள்ளை ஓரம் இருக்கும், அந்த ஓரம் அலை அலையாக வெட்டியிருக்கும். சிலவற்றில் அட்டையில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் மேடாகப் பதிந்திருக்கும். ஸ்கேன் செய்பவர்கள் இதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. அந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதற்கு அந்த முத்திரை ஒன்றுதான் சாட்சியாக இருக்கும். படத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து, ஓரம் முழுதும் விழும்படி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்புப் பின்னணியில் அலை ஓரம் தெளிவாக விழும், தேர்வு செய்து வெட்டவும் எளிது. அதை அப்படியே 1800க்கு 1200 பேப்பரில் வையுங்கள். பேப்பரின் நிறம் மட்டும் வெள்ளையாக வேண்டாம். தூய வெள்ளையில் மையே விழாது, பழுப்பேறிய பழைய படம் அதன் மேல் அழுக்காகத் தெரியும். சிவப்பு 244, பச்சை 238, நீலம் 226 என்று கொடுத்துப் பாருங்கள், பழைய அட்டையின் நிறம் வரும்.

போலராய்டு மாதிரி கீழே மட்டும் தடித்த வெள்ளை வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். அந்தத் தடிமனுக்கு ஒரு காரியம் இருந்தது. படத்தைக் கழுவும் ரசாயனம் அந்தக் கீழ் ஓரத்தில் ஒரு சிறு பையில் இருக்கும், படம் வெளியே வரும்போது உருளைகள் அதைப் பிதுக்கிப் படம் முழுவதும் பரப்பும். 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70 படத்தாள் 88க்கு 107 மில்லிமீட்டர், அதில் படம் 79க்கு 79. பக்கத்துக்கு நாலரை மில்லிமீட்டர்தான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் கீழே. இந்த விகிதத்தில் போட்டால் அசல் மாதிரி இருக்கும். பேரக் குழந்தைகள் அடித்த லூட்டிப் படங்களுக்கு இது பொருந்தும், சடங்குப் படங்களுக்கு வேண்டாம்.

ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டுவதாக இருந்தால், மரச்சட்டத்தின் உதடு நான்கு பக்கமும் சுமார் ஆறு மில்லிமீட்டர் மூடிவிடும். பன்னிரண்டுக்கு எட்டில் அது பக்கத்துக்கு 70 பிக்சலுக்கு மேல். உங்கள் கோடு அதற்கு உள்ளே தள்ளி இருக்கட்டும். இன்ஸ்டாகிராமுக்கு என்றால் 1080க்கு 1350 என்று பேப்பரைத் திறங்கள். வாட்ஸ்ஆப் டிபிக்கு பார்டரே போடாதீர்கள், வட்டத்தில் வெட்டுப்பட்டு நான்கு துண்டாகத் தெரியும்.

ஆல்பத்தில் நூறு படம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கிம்பில் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்என்கன்வர்ட் என்று ஒரு மென்பொருள், சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆக்‌ஷன்ஸ் பகுதியில் முதலில் ரீசைஸ், உயரம் 1000. அடுத்து கேன்வாஸ் ரீசைஸ், 1800க்கு 1200, நடுவில், வெள்ளை. படுக்கைவாட்டுப் படங்களை ஒரு ஃபோல்டரிலும் நெட்டுக்குத்துப் படங்களை ஒரு ஃபோல்டரிலும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நெட்டுக்குத்துக்கு அகலம் 1000, பேப்பர் 1200க்கு 1800. 4:3 படமானால் உயரம் 1333தான் வரும், மேலும் கீழும் 233 மிச்சம். மூலப் படங்கள் வேறு ஃபோல்டரில் பத்திரமாக இருக்க வேண்டும், பார்டர் போட்டதை அதன் மேல் சேமித்துவிடாதீர்கள்.

சேமிக்கும்போது கிம்ப் வேலையை, லேயர்கள் கலையாமல் வைக்கும் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கோட்டின் நிறத்தை நாளைக்கு மாற்றத் தோன்றும். லேபுக்கு ஜேபெக். ஏற்றுமதி ஜன்னலில் தரம் 95, அதோடு அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து சப்சாம்ப்ளிங்கை 4:4:4 ஆக்குங்கள். சப்சாம்ப்ளிங் என்பது ஜேபெக் நிறத்தின் நுணுக்கத்தைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடிக்கும் வழி, முகத்தில் அது தெரியாது. ஆனால் வெள்ளையின் நடுவில் ஓடும் நான்கு பிக்சல் அரக்குக் கோட்டில் ஓரம் கசிந்து தெரியும். 4:4:4 வைத்தால் அந்தக் கசிவு நிற்கும். கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்குச் சிறிதாக்கி அனுப்பும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டாம். வெறும் கோடு ஒன்று, கோல மூலை ஒன்று, பழைய படம் ஒன்று என்று மூன்றை மட்டும் முதலில் போட்டு வாங்குங்கள். வெள்ளை பார்டரை நான்கு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் அந்த லேபில் வெட்டு அதிகம் என்று அர்த்தம். படத்தின் உயரத்தை 1000இலிருந்து 960 ஆக்கி மறுபடி ஒன்று போட்டுப் பாருங்கள். சரியாக வந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.